சரளைக் குழியில் ஒரு சுங்க அதிகாரி
மண்ணுக்கடியில் மனிதன் – பகுதி 9

வடக்கு பிரான்சில், சோம் ஆற்றங்கரையில் சரளை வெட்டிய கூலியாட்கள் அந்தக் கல்லுக்குப் பூனை நாக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். விரித்த உள்ளங்கையை நிறைக்கிற அளவு. ஒரு முனை நாக்கு நுனி போல ஒடுங்கும். மறுமுனை தடித்து, பிடிக்க வாகாக உருண்டிருக்கும். இரண்டு பக்கமும் சில்லு பெயர்த்த தழும்புகள். அந்தத் தழும்புகள் சந்திக்கிற ஓரத்தில் விரலை ஓட்டினால், வளைந்து வளைந்து போகிற ஒரு விளிம்பு தட்டுப்படும். சாலைக்கும் அஸ்திவாரத்துக்கும் சரளை அள்ளுகிறவருக்கு அது மண்வெட்டியோடு வருகிற ஆயிரம் கற்களில் ஒன்று. பெயர் வைக்கிற அளவுக்கு அடிக்கடி கண்ணில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

1840களில் அந்தக் கல்லைத் தேடி ஒருவர் குழிக்கு வரத் தொடங்கினார். ஐம்பது வயதைத் தாண்டியவர். அப்வில் நகரச் சுங்கத்துறையின் இயக்குநர். பூனை நாக்கு கிடைத்தால் காசு கொடுத்தார். எங்கே கிடைத்தது, எத்தனை அடி ஆழத்தில், மேலே என்ன மண், கீழே என்ன மண், பக்கத்தில் எலும்பு ஏதும் இருந்ததா என்று துருவித் துருவிக் கேட்டார். மனித குலத்தின் வயதைப் பற்றி ஐரோப்பா நம்பியிருந்த கணக்கை அந்தக் கேள்விகள் புரட்டிப் போட்டன. அவர் கொடுத்த காசு வேறொரு வேலையைச் செய்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

அவர் பெயர் ழாக் பூஷே த பெர்த். 1788 செப்டம்பர் 10 அன்று ரெதெல் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா சுங்க அதிகாரி, தாவரவியலில் தேர்ந்தவர். மகனும் பதின்வயதிலேயே சுங்கத்துறையில் சேர்ந்தார். நெப்போலியன் காலத்தில் இத்தாலி முதலிய இடங்களுக்கு அரசுப் பணியாகப் போய்வந்தார். 1825இல் அப்பாவின் நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்தார்: அப்வில் சுங்க இயக்குநர். நாடகம், கவிதை, கதை, பயணக் குறிப்பு என்று எழுதிக் குவித்தார். சுங்கம் வசூலிப்பது தொழிலாக இருந்தும் தடையற்ற வணிகத்தை ஆதரித்துக் கட்டுரைகள் எழுதினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. உள்ளூர் அறிஞர் சங்கமான அப்வில் எமுலாசியோன் கழகத்துக்கு 1830 முதல் தலைவராக இருந்தார். நிலவியல் படித்தவரில்லை, உடற்கூறு தெரிந்தவருமில்லை. பாரிஸ் அறிஞர்களின் பார்வையில் அவர் எழுத்தார்வம் கொண்ட ஒரு வெளியூர் அதிகாரி.

அந்தக் கழகத்தில்தான் காசிமிர் பிகார் என்ற இளம் மருத்துவர் இருந்தார். இந்தத் தொடரில் அவருக்கு உரிய இடத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். சோம் பள்ளத்தாக்கின் சதுப்புக் கரிமண்ணில் கால்வாய் வேலைகள் நடந்தபோது கற்கோடரிகள் வெளிவந்தன. சில, மான்கொம்பில் செய்த பிடியோடு வந்தன. இவற்றை வேடிக்கைப் பொருளாகச் சேர்த்து வைக்காமல், எந்த மண்ணில் எதோடு கிடந்தது, எப்படிச் செய்யப்பட்டது என்று ஆராய்ந்து 1830களில் கட்டுரைகள் எழுதியவர் பிகார். பூஷேயின் கவனத்தைக் கற்களின் பக்கம் திருப்பியவரும் அவரே. 1841இல், நாற்பது வயதைக்கூட எட்டாமல் பிகார் இறந்துபோனார். அவர் விட்ட இடத்திலிருந்து பூஷே தொடர்ந்தார். பின்னாளில் புகழெல்லாம் ஒருவர் பெயருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

பிகார் ஆராய்ந்த கோடரிகள் பெரும்பாலும் ஆற்றின் இன்றைய படுகையை ஒட்டிய கரிமண்ணைச் சேர்ந்தவை. ரோமானியர்களுக்கு முந்தைய கெல்ட் மக்களின் கைவேலை என்று அவற்றைச் சொல்லிவிடலாம்; யாருக்கும் மறுப்பில்லை. பூஷே கவனித்த பூனை நாக்குகள் அங்கே கிடைத்தவை அல்ல. அவை மேட்டில் கிடந்தன.

ஆறு ஒரு பள்ளத்தாக்கைச் செதுக்குகிற விதத்தை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சோம் ஓடுகிற நிலம் முழுக்க வெண்சுண்ணப் பாறை. அதற்குள் திரள்திரளாகச் சிக்கிமுக்கிக் கல். ஆறு பாறையை அறுத்துக் கொண்டு கீழே இறங்குகிறது. இறங்குகிற ஒவ்வொரு கட்டத்திலும் தான் உருட்டி வந்த சரளையைப் பக்கவாட்டில் ஒரு படியாக விட்டுப் போகிறது. ஆகவே மேலே இருக்கிற படி பழையது, கீழே இருப்பது புதியது. அப்வில் நகரைச் சுற்றி இருந்த மென்ஷ்கூர், மூலான் கின்யோன் குழிகள் இப்படிப்பட்ட பழைய படிகளில் வெட்டப்பட்டவை. ஆறு இன்றைய மட்டத்துக்கு இறங்குவதற்கு முன், அது வெகு உயரத்தில் ஓடிய காலத்தில் கொண்டுவந்து போட்ட சரளை அது. அதற்குள் மாமூத் யானை, கம்பளி போர்த்திய காண்டாமிருகம் ஆகியவற்றின் எலும்புகள் இருந்தன. அப்வில் பகுதி எலும்புகள் விலங்கியல் மேதை குவியேயின் ஆராய்ச்சிக்கே போயிருந்தன. அழிந்துபோன அந்த விலங்குகளோடு மனிதன் வாழ்ந்தான் என்பதற்குச் சான்று கிடையாது என்பது குவியே வகுத்த நிலைப்பாடு. அவர் 1832இல் இறந்த பிறகு அவருடைய சீடர்கள் அதை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தச் சரளைக்குள், அந்த எலும்புகள் கிடந்த அதே அடுக்கில், மனிதன் செதுக்கிய கல் இருக்கிறது என்றார் பூஷே.

1844இல் அப்வில் மருத்துவமனைக் கட்டுமானத்துக்காகத் தோண்டிய இடத்தில் அவருக்குத் தெளிவான சான்று கிடைத்தது. மேல் மண் கலைந்திருக்கவில்லை. மேலிருந்து வெட்டிய குழியோ வெடிப்போ இல்லை. அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக, வரைந்தது போல நேராக ஓடின. இது ஏன் முக்கியம் என்பதற்குச் சென்ற பகுதிகளில் பார்த்த இருவரை நினைவுக்குக் கொண்டுவந்தால் போதும். இங்கிலாந்தில் ஜான் ஃப்ரியர் 1797இல் ஹாக்ஸன் செங்கல் குழியிலிருந்து இதே போன்ற கற்களை எடுத்து லண்டன் தொல்பொருள் கழகத்துக்கு அனுப்பினார்; அவை பெட்டிக்குள் போய்த் தூங்கின. பெல்ஜியத்தில் ஷ்மெர்லிங் குகை மண்ணில் மனித எலும்பையும் மாமூத் எலும்பையும் சேர்த்து எடுத்தார். குகை என்றாலே நம்ப ஆளில்லை. வெள்ளம் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் கலக்கியிருக்கும், பிற்கால மனிதர்கள் பிணத்தைப் புதைத்திருப்பார்கள், கரடி கிளறியிருக்கும் என்று குகைக்கு எதிராகச் சொல்ல எத்தனையோ இருந்தன. திறந்தவெளியில், ஆறு தானே அடுக்கிய சரளையைப் பற்றி அப்படிச் சொல்வது எளிதல்ல. அடுக்கு கலையாமல் இருந்தால், அடுக்குக்குள் இருப்பது அடுக்கின் வயதுடையது. பூஷேயின் வாதத்தின் உயிர்நாடி இதுதான். கல்லை மட்டும் கையில் எடுத்துக் காட்டினால் அது எந்தக் காலத்ததாகவும் இருக்கலாம். அது கிடந்த இடம்தான் பேசுகிறது.

இவ்வளவு சரியாகப் பிடித்தவர், எழுத உட்கார்ந்தபோது தன் வழக்கைத் தானே பலவீனப்படுத்திக்கொண்டார். 'கெல்ட், பிரளயத்துக்கு முந்தைய தொல்பொருட்கள்' என்ற அவருடைய நூலின் முதல் தொகுதி 1847 என்ற ஆண்டைத் தாங்கி 1849இல் வெளிவந்தது. 80 படத்தகடுகள், 1,600 உருவங்கள். அந்த ஓவியங்கள் துல்லியமானவை அல்ல. உண்மையான கோடரிகளுக்கு நடுவே, இயற்கையாகவே விநோத வடிவம் கொண்ட சிக்கிமுக்கிக் கற்களையும் அவர் சேர்த்திருந்தார். இது பறவை, இது மனிதத் தலை, இது எழுத்து என்று அவற்றுக்கு விளக்கமும் கொடுத்தார். அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் ஒரு பெருவெள்ளத்தில் அடியோடு அழிந்துபோன முந்தைய மனித இனம் என்றும் எழுதினார். விவிலியத்தின் வெள்ளக் கதைக்கும் சரளைக்கும் இடையே பாலம் கட்டப் பார்த்த அந்தப் பேச்சு, ஏற்கெனவே நிலவியலாளர்கள் கைவிடத் தொடங்கியிருந்த ஒன்று.

அந்தப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு மூடி வைத்தவர்களில் சார்லஸ் டார்வினும் ஒருவர். பல ஆண்டுகள் கழித்து, 1863இல், நிலவியலாளர் சார்லஸ் லயலுக்கு எழுதிய கடிதத்தில் அதை ஒப்புக்கொண்டார்: அப்போது எல்லாம் குப்பை என்று முடிவுகட்டிவிட்டதாகவும், இப்போது அதை நினைத்து வெட்கப்படுவதாகவும். டார்வினே தவறவிட்டார் என்றால், பாரிஸ் அறிவியல் அகாதெமியின் பாராமுகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. டார்வினின் மேசைக்கு வந்தது மோசமான படங்கள் கொண்ட ஒரு புத்தகம். பாரிஸிலிருந்து அப்வில் போக ரயிலே வந்துவிட்டது. குழி அங்கேயே திறந்து கிடந்தது. போய்ப் பார்த்திருக்கலாம்.

போய்ப் பார்த்த ஒருவரின் கதை அழகானது. அமியான் நகர மருத்துவர் ரிகொல்லோ. பூஷேயின் கருத்தை எதிர்த்தவர். அமியானின் எல்லையில் இருந்த சேந்த் அஷூல் சரளைக் குழிகளை அவர் பார்வையிட்டதும் எதிர்ப்பு கரைந்துபோனது. அங்கே நூற்றுக்கணக்கில் அதே பூனை நாக்குகள். அதே ஆழமான சரளை. அதே வகை எலும்புகள். 1854இல் தன் முந்தைய கருத்தை மாற்றிக்கொண்டு, நல்ல படங்களோடு, அடுக்குகளின் விவரத்தோடு ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதே ஆண்டின் இறுதியில் இறந்துபோனார். பிகாரைப் போலவே இவரும் வெற்றியைப் பார்க்கவில்லை. ஆனால் அவரால் சேந்த் அஷூல் என்ற பெயர் வரைபடத்தில் ஏறிவிட்டது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூஷேயின் இரண்டாம் தொகுதி 1857இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 69. பதின்மூன்று ஆண்டுகளாக ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

கதவைத் திறந்தது ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பாலிருந்து வந்த ஒரு நோயாளி. ஹ்யூ ஃபால்கனர் ஸ்காட்லாந்துக்காரர். நெடுங்காலம் இந்தியாவில் பணியாற்றியவர். சகாரன்பூர் தாவரவியல் பூங்காவை நடத்திக்கொண்டே சிவாலிக் மலைகளில் அழிந்துபோன யானை, நீர்யானை எலும்புகளைத் தோண்டி எடுத்துப் புகழ்பெற்றவர். யானைப் பல்லைப் பார்த்தால் அது எந்த இனம் என்று சொல்லக்கூடிய கண் அவருக்கு. 1858இல் இங்கிலாந்தின் பிரிக்ஸம் குகையில், கலையாத மண்ணில், அழிந்துபோன விலங்குகளின் எலும்போடு கற்கருவிகள் கிடைத்திருந்தன; அந்தத் தோண்டலுக்குப் பின்னால் இருந்தவர்களில் ஃபால்கனர் ஒருவர். அந்த ஆண்டு நவம்பரில், உடல்நலம் கருதித் தெற்கே போகும் வழியில், அப்வில்லில் இறங்கினார். பூஷே வீடு முழுவதையும் சுற்றிக் காட்டினார். ஃபால்கனர் உடனே நண்பர் ஜோசப் பிரெஸ்ட்விச்சுக்குக் கடிதம் எழுதினார்: நீங்கள் வந்து பார்த்தே ஆக வேண்டும்.

பிரெஸ்ட்விச் லண்டனில் ஒயின் வியாபாரி. சரளைப் படுகைகளை வாசிப்பதில் இங்கிலாந்தில் அவருக்கு இணையானவர் குறைவு. 1859 ஏப்ரலில் வந்து சேர்ந்தார். அவர் அழைத்ததன் பேரில், காகித ஆலை நடத்திய ஜான் எவன்ஸும் வந்தார். எவன்ஸ் பழங்காசுகளிலும் கற்கருவிகளிலும் தேர்ந்தவர். ஆக, அறிவியலின் ஒரு பெரிய வழக்கை ஒரு சுங்க அதிகாரி தொடுக்க, ஓர் ஒயின் வியாபாரியும் ஒரு காகித முதலாளியும் தீர்ப்புச் சொல்ல வந்திருந்தார்கள். பூஷேயின் வீடு அடியிலிருந்து உச்சி வரை அருங்காட்சியகமாக இருந்தது: ஓவியங்கள், பழைய மரச்சிற்பங்கள், மண்பாண்டங்கள், எல்லாவற்றுக்கும் நடுவே கோடரிகள். எவன்ஸ் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். இவை மனிதக் கைவேலை என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் அலமாரியில் இருக்கும் கல் சாட்சி சொல்லாது. ஒன்றையாவது சரளைக்குள், அது கிடக்கிற நிலையிலேயே பார்க்க வேண்டும்.

பிரெஸ்ட்விச் முன்னேற்பாடாகச் சேந்த் அஷூல் குழி ஆட்களிடம் சொல்லி வைத்திருந்தார்: கோடரி ஒன்று கண்ணில் பட்டால் தொடாதீர்கள், தகவல் அனுப்புங்கள். ஏப்ரல் 27 அன்று தகவல் வந்தது. இருவரும் ரயிலேறி அமியானுக்கு விரைந்தார்கள். குழியின் செங்குத்தான முகத்தில், தலைக்கு மேல் பல அடி மண் அடுக்கடுக்காக நிற்க, சரளைக்குள் அந்தக் கல்லின் ஓரம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மேலடுக்குகளில் எந்தக் கலைவும் இல்லை. பிரெஸ்ட்விச் அதைப் பிடுங்கி எடுக்கவில்லை. முதலில் ஒரு புகைப்படக்காரரை வரவழைத்தார்.

அந்தப் படம் இன்றும் இருக்கிறது. வெட்டிய மண்சுவர், தொழிலாளி ஒருவர் விரலை நீட்டி ஒரு புள்ளியைக் காட்டுகிறார். கல் என்று எடுத்துச் சொன்னால்தான் தெரியும், அவ்வளவு சிறிது. பூஷே பதினைந்து ஆண்டுகளாக வார்த்தையால் சொன்னதைச் சொல்ல அந்த விரல் போதுமாக இருந்தது. தொல்லியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த படம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அந்தத் தொழிலாளியின் பெயரை யாரும் எழுதி வைக்காதது ஒரு குறையாகவே மனதில் நிற்கிறது.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. மே 26 அன்று பிரெஸ்ட்விச் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். ஜூன் 2 அன்று எவன்ஸ் தொல்பொருள் கழகத்தில் பேசினார். பேசுவதற்கு முன் அதே கழகத்தின் கட்டடத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், பூஷேயின் கோடரிகளைப் போலவே இருந்த கற்களைப் பார்த்துத் திகைத்துப்போனார்: அறுபது ஆண்டுகளாக அங்கேயே தூங்கிய ஜான் ஃப்ரியரின் ஹாக்ஸன் கற்கள். செப்டம்பரில் அபர்டீனில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் மாநாட்டில் லயல், தான் நேரில் போய்ப் பார்த்ததாகவும் பிரெஸ்ட்விச் சொன்னது சரியே என்றும் அறிவித்தார். பிரான்சின் அல்பேர் கோத்ரி தானே சேந்த் அஷூலில் தோண்டி, கோடரிகளை நேரில் கண்டெடுத்து, பாரிஸ் அகாதெமிக்குத் தெரிவித்தார். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' அச்சாகி வெளிவந்தது அந்த ஆண்டு நவம்பரில். மனிதனின் பழைமை அதற்கு ஆறு மாதம் முன்பே நிலைநாட்டப்பட்டுவிட்டது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு என்பதால் தேதிகளை எடுத்துச் சொல்கிறேன்.

பூஷேக்கு எழுபது வயது முடிந்திருந்தது. வெற்றி வந்துவிட்டது. ஆனால் அகாதெமியின் நிரந்தரச் செயலாளர் எலி த போமோன் போன்றவர்கள் அசையவில்லை. எதிர்ப்பாளர்களிடம் ஒரு கேள்வி மிச்சமிருந்தது: கோடரி இருக்கிறது, செய்தவன் எங்கே? இத்தனை விலங்கு எலும்பு கிடைக்கிற சரளையில் ஒரு மனித எலும்புகூட ஏன் கிடைக்கவில்லை? இந்தக் கேள்வி பூஷேயை அரித்தது.

இங்கேதான் காசு உள்ளே வருகிறது. மனித எலும்பைக் கண்டெடுத்துத் தருகிறவருக்கு 200 பிராங்க் பரிசு என்று அவர் அறிவித்தார். ஒரு சரளைக் கூலியாளுக்கு அது பல வாரக் கூலி. ஏற்கெனவே கோடரிகளுக்கு விலை இருந்தது. ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து வாங்கிப் போனதால் அந்த விலை ஏறியிருந்தது. பசியுள்ள மனிதர்கள் சிக்கிமுக்கிக் கல்லை உடைத்துப் பழகுவதற்கு அதிக நாள் ஆகாது. புதிதாகச் செய்த கோடரிக்கும் பழையதற்கும் வேறுபாடு, பார்க்கத் தெரிந்தவருக்குத் தெரியும். இலட்சக்கணக்கான ஆண்டுகள் சரளைக்குள் கிடந்த கல்லின் மேற்பரப்பு நிறம் மாறி, பளபளப்பேறி, காவி படிந்திருக்கும். சில்லுகளின் முனை மழுங்கியிருக்கும். புதியதில் தழும்புகள் மங்கலான கருஞ்சாம்பல் நிறம், விளிம்பு கையைக் கீறும், பூசிய மண் தண்ணீரில் கழுவினால் போய்விடும்.

1863 மார்ச் 28. மூலான் கின்யோன் குழியில், கருநிற மண்ணடுக்கில், ஒரு மனிதத் தாடையின் பாதி இருப்பதாகத் தகவல் வந்தது. பூஷே விரைந்து போய், மண்ணுக்குள் செருகியிருந்த அதைத் தன் கையாலேயே எடுத்தார். அவர் வாழ்நாள் முழுதும் காத்திருந்த கணம் அது. செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. பாரிஸின் மானுடவியலாளர் கத்ரஃபாஜ் வந்து பார்த்து நம்பினார். ஃபால்கனரும் முதலில் மகிழ்ச்சியோடுதான் வந்தார். ஆனால் லண்டனுக்கு எடுத்துப்போன ஒரு தனிப் பல்லை அறுத்துப் பார்த்தபோது அது புதிய பல்லாக இருந்தது. கூடவே கிடைத்த கோடரிகளைப் பார்த்த எவன்ஸ், இவை நேற்றுச் செய்தவை என்றார். ஏப்ரல் கடைசியில் ஃபால்கனர் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்குத் தன் சந்தேகத்தை எழுதினார்.

பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. மே 9 அன்று இரு நாட்டு அறிஞர்களும் பாரிஸில் கூடி விசாரணை தொடங்கினார்கள். பிறகு அப்வில்லுக்கே போய்க் குழியைத் தோண்டிப் பார்த்தார்கள். அவர்கள் கண்முன்னே கோடரிகள் வெளிவந்தன. மே 13 அன்று குழு, தாடை உண்மையானதே, மோசடி இல்லை என்று முடிவுசெய்தது. ஃபால்கனர் தன் ஐயத்தைப் பதிவுசெய்துவிட்டுத் திரும்பினார். எவன்ஸுக்கு மனம் ஒப்பவில்லை. ஜூன் மாதம், குழி வேலையில் கைதேர்ந்த ஹென்றி கீப்பிங் என்பவரை அப்வில்லுக்கு அனுப்பினார். கீப்பிங் ஆட்களோடு ஆட்களாகக் குழிக்குள் நின்று தோண்டினார். அங்கே கிடைத்த கோடரிகள் மண்சுவரில் செருகி வைக்கப்பட்டவை என்று அறிக்கை கொடுத்தார். தாடை, பிற்கால மனிதன் ஒருவனுடையது என்பதில் இன்று இரு கருத்தில்லை.

பூஷே அதை ஏற்கவில்லை. 1864இல் வெளிவந்த மூன்றாம் தொகுதியிலும் தாடைக்காக வாதாடினார். அவரை ஏமாற்றியவர்கள் மேல் கோபப்படுவது சுலபம். ஆனால் இருபது ஆண்டுகள் எந்த ஆட்களின் கண்களை நம்பி அவர் உண்மையைக் கண்டெடுத்தாரோ, அதே ஆட்கள்தான் இவர்களும். ஒரு கல் கிடந்த இடம் எவ்வளவு முக்கியம் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. எந்த மண்ணில், எந்த ஆழத்தில் வைத்தால் அவர் நம்புவார் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

விசாரணைக் குழு கலைந்த பதினேழாம் நாள், அதாவது 1863 மே 30 அன்று, சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றில் இந்திய நிலவியல் அளவைத் துறையின் இளம் அதிகாரி ஒருவர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். ராபர்ட் புரூஸ் ஃபூட், வயது 28. அப்வில் கண்டுபிடிப்புகளையும் பிரெஸ்ட்விச், எவன்ஸ் ஆகியோரின் ஆய்வுகளையும் பற்றிப் படித்த ஆர்வம்தான் தன் கண்ணைத் திறந்துவிட்டது என்பதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். இங்கே சிக்கிமுக்கி இல்லை. செம்பூரான் சரளைக்குள் குவார்ட்சைட் கல். ஆனால் வடிவம் அதே நாக்கு வடிவம். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொற்றலை ஆற்றுப் பகுதியில் அத்திரம்பாக்கத்தில் மேலும் கருவிகளைக் கண்டார்கள். 1872இல் பிரெஞ்சு அறிஞர் கப்ரியேல் த மோர்த்தியே இந்த வகைக் கருவிகளின் காலத்துக்கு, ரிகொல்லோ நடந்த அந்த அமியான் எல்லைக் குழியின் பெயரை வைத்தார். அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகளை 'அச்சூலியன்' என்று நம் பாடநூல்கள் சொல்கிறபோது, சேந்த் அஷூலைத்தான் தமிழில் உச்சரிக்கின்றன. அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் வயது 15 லட்சம் ஆண்டுகள் வரை போகிறது என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. பெயர் கொடுத்த ஊரைவிடப் பெயர் பெற்ற ஊர் பல மடங்கு மூத்தது. ஃபூட்டின் கதை இந்தத் தொடரில் தனியாகவே வரும்.

பூஷே 1868 ஆகஸ்டில் அப்வில்லில் காலமானார். பாரிஸை அடுத்த சேன் ஜெர்மேனில் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அமைத்த தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குத் தன் சேகரிப்பில் ஒரு பகுதியை அவர் முன்பே கொடுத்திருந்தார். அப்வில்லில் இருந்தவை தப்பவில்லை. 1940 மே 20 அன்று ஜெர்மன் விமானங்களின் குண்டுவீச்சில் நகரின் மையமே எரிந்தது. அவருடைய வீடும் அதிலிருந்த சேகரிப்பும் அதோடு போயின.

புகைப்படத்தில் விரல் சுட்டிய அந்தக் கல்லும் தொலைந்துபோனதாகவே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். படம் எடுத்து 150 ஆண்டுகள் ஆன 2009இல், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் கிளைவ் கேம்பிளும் ராபர்ட் குருஷின்ஸ்கியும் அதை அடையாளம் கண்டார்கள். அதில் ஒட்டியிருந்த சிறு சீட்டில் இடமும் நாளும் எழுதப்பட்டிருந்தன: சேந்த் அஷூல், ஏப்ரல் 27, 59.

மூலான் கின்யோன் மட்டும் கறை படிந்தே கிடந்தது. தாடை மோசடிக்குப் பின் அந்தக் குழியின் பெயரைச் சொல்லவே ஆய்வாளர்கள் தயங்கினார்கள். அங்கே கிடைத்த உண்மையான கோடரிகளும் சேர்ந்தே சந்தேகத்துக்குள்ளாயின. 2017இல் பிரெஞ்சு ஆய்வுக் குழு ஒன்று பழைய குழியின் இடத்தைத் தேடிப் பிடித்துத் திரும்பத் தோண்டியது. இன்றைய பள்ளத்தாக்கின் அடிப்பாறைக்குச் சுமார் 40 மீட்டர் உயரத்தில், பூஷே நின்ற அதே பழைய ஆற்றுப்படியில், 260க்கும் மேற்பட்ட கற்கருவிகள் கிடைத்தன. அவற்றில் 5 கைக்கோடரிகள். அந்தச் சரளையின் வயது ஏறக்குறைய 6,50,000 ஆண்டுகள் என்று 2019இல் வெளியான அறிக்கை சொல்கிறது. வடமேற்கு ஐரோப்பாவில் இதுவரை கிடைத்த மிகப் பழைய கைக்கோடரிகளில் அவையும் சேர்ந்தன. இந்த முறை யாரும் யாருக்கும் காசு கொடுக்கவில்லை. ஒவ்வொரு கல்லையும் அது கிடந்த ஆழத்தோடும் அடுக்கோடும் குறித்துக்கொண்டுதான் எடுத்தார்கள்.

(தொடரும்)

அடுத்த பகுதியில்: தெற்கு பிரான்சின் வெசேர் பள்ளத்தாக்கில், மாமூத் தந்தத்தின் மீதே மாமூத்தின் உருவம் கீறப்பட்ட ஒரு துண்டு. அதைக் கண்டெடுத்த எட்வார் லார்த்தே.